ஈசிம்முக்கு இரண்டு சொற்கள் தேவை: பதிசிம், அலைச்சீட்டு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கைபேசிக்குள்ளேயே பதிக்கப்பட்டு வரும் சிம்மான ஈசிம்முக்கு (eSIM) நிகராக நம் குழுமத்தில் முன்வைக்கப்பட்டுள்ள 'மின்சிம்', 'மெய்நிகர் சிம்' ஆகிய இரண்டையும் ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஈசிம்மின் முதலெழுத்தான e, மின்னஞ்சலில் (email) வருவதைப் போல 'மின்' என்பதைக் குறிக்கவில்லை. கருவிக்குள் பதிக்கப்பட்டது (embedded) என்பதையே குறிக்கிறது. கைபேசியின் சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்ட அந்தச் சில்லு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொட்டறியத்தக்க பொருள்தான் என்பதால், 'மெய்நிகர்' என்பதும் பொருந்தாது. 'உட்பொதி சிம்' பொருளளவில் சரி. ஆனால் இலங்கையில் தரவுத் திட்டத்தையே பொதி என்று வழங்குவதால் குழப்பம் நேரும். ஆகவே 'பதிசிம்' என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை அது. சிம் என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மொரீஷியஸின் போர்ட் லூயியிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது மக்கள் வாயில் பழகிப்போன சொல்.

நான் எழுத வந்ததன் முதன்மைக் காரணம் வேறு. வெளிநாடு செல்வோர் விலைகொடுத்து வாங்குவது பதிசிம்மை அன்று. சில்லு கைபேசியோடு வந்துவிடுகிறது; வாங்குவது, அதற்குள் இறக்கிக்கொள்ளும் இணைப்பு உரிமையை மட்டுமே. பெரும்பாலான கைபேசிகளில் *#06# என்று அழுத்தினால் தெரியும் 32 இலக்க எண் சில்லுக்கு உரியது. 89 என்று தொடங்கும் 19 அல்லது 20 இலக்க எண் அந்த உரிமைக்கு உரியது. எண்ணே இரண்டாக இருக்கும்போது பெயர் ஒன்றாக இருக்கலாமா? இந்த உரிமையை ஆங்கிலத்தில் profile என்பார்கள்; அதற்கு நிகரான 'சுயவிவரம்' என்னும் சொல் சமூக வலைத்தளத்துக்குப் போய்விட்டது. பயணச்சீட்டு, உணவுச்சீட்டு என்னும் வழக்கை ஒட்டி, இதை 'அலைச்சீட்டு' எனலாம்.

இந்த வேறுபாட்டின் அருமையை என் சித்தியால்தான் உணர்ந்தேன். ஒரு திருமணத்துக்காக அவர் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்குப் புறப்பட்டபோது, மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் உள்ள எங்கள் உறவினர்கள் அனைவருக்கும் பயன்படட்டும் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'இணைப்பு வராவிட்டால் சிம்மை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்கவும்' என்பது அதில் ஒரு வரி. அங்கு இறங்கியதும் இணைப்பு வரவில்லை. சித்தி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கைபேசியின் ஓரத்துத் துளையில் அழுத்தி, மொரீஷியஸ் சிம் அட்டையை வெளியே எடுத்துவிட்டார். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வர வேண்டிய எண் அதுதான். பக்கத்தில் இருந்த தம்பி அலைச்சீட்டை அழித்தான். அதன் கியூஆர் குறியீடு ஒருமுறைக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் மீண்டும் ஏறவில்லை. என் வரி தெளிவாக இருந்திருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது.

இணைப்பு ஏன் வரவில்லை என்பதும் சொல்லோடு தொடர்புடையதே. அவர் வாங்கியது 'ஐரோப்பா' என்று பெயரிட்ட சீட்டு. ரியூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். 2017 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் கூடாது என்னும் விதி அங்கும் செல்லும். ஆனால் அலைபேசி வலையமைப்பில் பிரான்சின் நாட்டுக் குறியெண் 208, ரியூனியனின் குறியெண் 647. சீட்டு விற்பவர் தம் பட்டியலில் ரியூனியனைத் தனியே சேர்த்திருந்தால்தான் இணைப்பு கிடைக்கும். எனவே பல நாடுகளுக்குச் சேர்த்து விற்கும் 'மண்டலச் சீட்டு' என்பதோடு, அது எந்தெந்த இடங்களில் செல்லும் என்று காட்டும் 'செல்லிடப் பட்டியல்' என்னும் சொல்லையும் நாம் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

'செல்லுபடிக் காலம்' பொதுவாகப் புரிகிறது. அது சீட்டை ஏற்றிய நாளிலிருந்து தொடங்குகிறதா, சென்ற நாட்டின் வலையமைப்பைத் தொட்ட கணத்திலிருந்து தொடங்குகிறதா என்பது விற்பவருக்கு விற்பவர் மாறுவதால், 'ஏற்றநாள்', 'தொடுநாள்' என்று பிரித்துச் சொல்லலாம். அழைப்பெண் இல்லாமல் தரவு மட்டும் தருவதைத் 'தரவுச்சீட்டு' என்றே சொல்லிவிடலாம். பயணிகளுக்கு விற்கப்படுபவற்றில் பல இவ்வகையே.

என் குறிப்பின் வரியை இப்போது இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: 'இணைப்பு வராவிட்டால், முதலில் செல்லிடப் பட்டியலைப் பாருங்கள், சிம் அட்டையைக் கழற்ற வேண்டாம், அலைச்சீட்டை அழிக்க வேண்டாம், விற்றவரிடம் கேட்ட பிறகே எதையும் நீக்குங்கள்.' 'அலைச்சீட்டு' என்பது உங்கள் ஊர்க்காரர் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டு எழுதுங்கள்.