லாக்கெட்டுக்குள் இருந்த முடி

எனக்குப் பழைய லாக்கெட் பைத்தியம் பிடித்தது லண்டன் போர்ட்டோபெல்லோ சாலையில். சனிக்கிழமை காலையில் போனால் பழைய நகைகளைத் தட்டுத்தட்டாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அதில் கறுப்பு எனாமல் பூசிய நீள்வட்டத் தங்க லாக்கெட் ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்குச் சின்னப் பள்ளம். நெம்பினதும் கீல் சத்தமில்லாமல் திறந்தது. ஒரு பக்கம் காலி. மறுபக்கம் கண்ணாடிக்கு அடியில், பாய் முடைந்த மாதிரி பழுப்பு நிற முடி.

யாருடையது என்று கேட்டேன். "செத்துப்போன யாரோ ஒருத்தருடையது, விக்டோரியா காலம்" என்றார் கடைக்கார அம்மாள், விலை சொல்கிற அதே குரலில். பட்டென்று கீழே வைத்துவிட்டேன். சீப்பில் சிக்கின முடியையே வீட்டுக்குள் போடவிடாத குடும்பம் எங்களுடையது!

ஆனாலும் மனது அதையே சுற்றியது. அப்புறம் தேடிப் படித்தேன். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா ராணி கறுப்பு உடுத்தினார், 1901-இல் கண்மூடும் வரை மாற்றவில்லை. ராணி துக்கம் காத்த விதத்தைப் பார்த்து இந்தத் துக்க நகைகளும் பரவின. அதற்காக முடி என்றாலே சாவு என்று நினைத்துவிட வேண்டாம். அதே ராணியிடம் இதய வடிவக் குட்டி லாக்கெட்டுகள் கோத்த கைச்சங்கிலி ஒன்று இருந்தது. பிள்ளை பிறக்கப் பிறக்க ஒரு லாக்கெட் சேரும், உள்ளே அந்தக் குழந்தையின் முடி. மொத்தம் 9. முடி எளிதில் மக்காது. போட்டோ வராத காலத்தில், ஓவியரை வைத்து முகம் வரைய வசதியில்லாதவர்களுக்கு அதை விட்டால் வேறு என்ன இருந்தது?

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1854-இல்தான் இங்கிலாந்தில் 15, 12, 9 கேரட் தங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். சாதாரணக் குடும்பங்களும் லாக்கெட் வாங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 15, 12 இரண்டையும் 1932-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஆங்கிலேய லாக்கெட்டில் 15 என்று முத்திரை இருந்தால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்காம் நகரில் தங்கத்தின் தரத்தைச் சோதித்தது. முத்திரையே இல்லாத பழைய உருப்படிகளும் நிறைய உண்டு. 'பேக் அண்ட் ஃப்ரண்ட்' என்று குறித்திருந்தால் முன்னும் பின்னும்தான் தங்கம், நடுவில் வேறு உலோகம். அதற்கு முழுத் தங்க விலை கொடுத்துவிடாதீர்கள்.

என் ஆற்றாமை வேறு. இன்னொரு சந்தையில், ராணுவ உடுப்பில் இருந்த ஒரு பையனின் படத்தை வியாபாரி குண்டூசியால் நெம்பிக் குப்பையில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். "காலியாக இருந்தால்தான் போகும்" என்றார். தங்கத்தை நிறுத்தால் என்ன வரும் சொல்லுங்கள்? உள்ளே இருக்கிற முகத்துக்காகத்தானே அந்த மூடியையே செய்தார்கள்!

நான் கடைசியில் வாங்கியது முடி இருக்கிற ஒன்றைத்தான். கண்ணாடிக்கு அடியில் ஈரம் இறங்கினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்பதால் தண்ணீரில் முக்குவதில்லை, உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். முதல் கேள்வி, "எத்தனை சவரன்?" உள்ளே இருப்பதைச் சொன்னதும் இரண்டாவது, "அதைப் போட்டுக்கிட்டா சாமி ரூமுக்குப் போற?"