சோச்சிமில்கோ சினாம்பா: சேறு, நாற்று, உப்பு

‘மிதக்கும் தோட்டம்’ என்று சொல்லிச் சொல்லியே குழப்பிவிட்டார்கள். மெக்சிகோ நகரின் தென்பகுதியில், சோச்சிமில்கோவில் இருக்கும் சினாம்பா மிதப்பதே இல்லை. ஆழமில்லாத ஏரியில் நீர்ச்செடியையும் அடிச்சேற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி எழுப்பிய நீளமான மேட்டுப்பாத்தி அது. சுற்றிலும் வாய்க்கால். கரையைப் பிடித்து நிற்பது அஹுவெஹோத்தே என்ற ஒல்லியான வில்லோ மரத்தின் வேர். போத்தை வெட்டி ஈரக்கரையில் ஊன்றினாலே துளிர்த்துவிடும். நெட்டையாக வளர்வதால் பயிருக்கு நிழல் கட்டாது. புல்லுருவி ஏறினால் கிளையோடு கழித்துவிட வேண்டும். மரம் பட்டுப்போனால் அடுத்த மழைக்குக் கரை சரியும்.

—

மேலே கரையைப் பற்றி வந்துவிட்டது. நாற்றங்கால்தான் இதில் உண்மையான கைவேலை. அங்கே அதைச் ‘சப்பீன்’ முறை என்பார்கள்: இறுகிய சேற்றைக் கத்தியால் சிறு சதுரக் கட்டிகளாக வெட்டி, அதில் விதையை முளைக்க வைப்பது.

நீண்ட கழியில் பை கட்டி, ஓடத்தில் இருந்தபடியே வாய்க்கால் அடிச்சேற்றை அள்ளுவார்கள். கரையோரமாகச் சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாத்தி கட்டி, அடியில் காய்ந்த நீர்ச்செடியைப் பரப்பி, அதன்மேல் சேற்றை நாலைந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மெழுகிவிட வேண்டும். அடிப்பரப்பு இல்லையென்றால் கட்டி நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கும்போது வேர் அறும். ஒன்றிரண்டு நாளில் சேறு இறுகும். அந்தப் பதம்தான் முக்கியம்: ஈரம் மிஞ்சினால் கத்தி போட்ட கோடு மூடிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் கட்டி வெடிக்கும். லெட்யூஸ் கீரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் சதுரம் போதும். மக்காச்சோளத்துக்கும் பூசணிக்கும் பெரிதாக வெட்ட வேண்டும். விரலால் குழி வைத்து, விதை போட்டு, சலித்த காய்ந்த எருவைத் தூவி மூடிவிடலாம். முளைத்ததும் கட்டியோடு எடுத்து நடுவதால் வேருக்கு அதிர்ச்சியே இல்லை. காசு கொடுத்து வாங்குகிற குழித்தட்டும் தேங்காய்நார்க் கழிவும் செய்யும் வேலையை இங்கே சேறே செய்துவிடுகிறது.

குளிர்காலத்தில் உறைபனி விழும் (இடம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 2,240 மீட்டர்). இரவில் நாற்றங்காலை மூட மறந்தால் காலையில் எல்லாம் கருகியிருக்கும்.

—

அடுத்தது உப்பு. பாத்தி உயரம் சரியாக இருந்தால் பக்கத்து வாய்க்கால் நீர் மண்ணுக்குள் கசிந்து, கீழிருந்தே வேருக்கு ஏறும். பாய்ச்சும் வேலை பாதி குறையும். அதே கசிவுதான் எதிரியும். ஏறிய நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். ஊற்றுகள் ஊறியவரை இது அடங்கியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊற்றுநீரை நகரத்துக் குடிநீருக்குத் திருப்பிவிட்டார்கள்; இப்போது வாய்க்காலில் பெரும்பகுதி சுத்திகரித்த கழிவுநீர். ஆகவே வெள்ளை தெரிந்ததும் கீழ்க்கசிவை மட்டும் நம்பாமல், மேலிருந்து தாராளமாக நீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். மண்ணை வெறுமையாக விடாமல் மூடாக்கும் போட வேண்டும். புதுச்சேறு எடுக்கிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாக்கடை கலக்கும் வாய்க்கால் சேறு, பச்சையாகத் தின்னும் கீரைக்கு ஆகவே ஆகாது.

நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை ஒரே சீராக இல்லாமல் இறங்குகிறது. ஒரு பாத்தி மூழ்க, இன்னொன்று வறள்கிறது. இதற்கு விவசாயி கையில் மருந்து இல்லை. 1987இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம்தான். ஆனாலும் பல பாத்திகள் இன்று கால்பந்து மைதானம்!

—

ஆகாயத்தாமரை வாய்க்காலை அடைத்தால் திட்டிக்கொண்டே அள்ளி, நறுக்கி, உலர்த்தி எருவில் சேர்த்துவிடுங்கள். பச்சையாகக் குவித்தால் அழுகி நாறும்.

மீன் விஷயம் ஒன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் ஜிலேபியும் ஆக்சோலோட்டில் என்ற உள்ளூர் சாலமண்டரின் (பல்லி போலத் தெரியும், தவளை இனத்துக்கு நெருங்கிய நீர்வாழ் உயிரி) முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. பாத்திகளுக்கு நடுவே ஓடும் சிறு வாய்க்காலின் வாயை வலையும் எரிமலைக் கல்லும் வைத்து அடைத்தால், நீர் வடிந்து உள்ளே வரும், மீன் வராது. அந்தப் பாத்தியில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. ஆக்சோலோட்டிலின் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். கல் இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் நீரோட்டம் நின்றுவிடும், அவ்வப்போது பிரித்துக் கழுவி அடுக்குங்கள்.