விபத்துக்குப் பிறகு தனியாகப் பயணம் போனால் மனம் ஆறுமா?

மருதாணி (கேள்வி):
இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வந்த பேருந்து நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனார். என் தோள் எலும்பு கூடிவிட்டது. ஆனால் எந்த வண்டி சட்டென்று பிரேக் போட்டாலும் உடம்பு விறைத்துப்போகிறது, டீசல் வாடை பட்டால் குமட்டுகிறது. எட்டு மாதமாக மனநல மருத்துவரிடம் போய்வருவதால் தூக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. ஊரில் எல்லோரும் என்னை 'அந்தப் பஸ்ஸில் தப்பித்த பெண்' என்றே பார்ப்பதால், முகம் தெரியாத ஊரில் ஒரு வாரம் தனியாக இருந்துவிட்டு வர நினைக்கிறேன். அம்மாவோ, "எதிலிருந்து ஓடுகிறாய்?" என்று கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடகரையான்:
சகோதரி, நான் போய்ப் பட்டவன், அதனால் சொல்கிறேன். தம்பியை இழந்த ஆறாம் மாதம் ஒரு மலையூரில் பத்து நாளுக்கு அறை எடுத்தேன். இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. மூன்றாம் இரவு மழையில் மின்சாரம் போனதும், வீட்டில் எதைக் கேட்காமல் இருக்க இத்தனை நாள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தேனோ அது முழுவதும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, 'இனி வேண்டாம்' என்று மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து நாள் என்று தொடங்காதீர்கள்.

நிழற்குடை:
நான் மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். ஆனாலும் உங்கள் மருத்துவரின் சொல்லே முதன்மையானது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு, அதை நினைவூட்டும் இடம், ஓசை, வாடை அனைத்தையும் மனம் தவிர்க்கப் பார்க்கும். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு நிம்மதி கிடைப்பதால் பயம் உள்ளே வலுத்துக்கொண்டே போகும். ஆகவே உங்கள் அம்மா கேட்டதை நான் சற்று மாற்றிக் கேட்கிறேன்: அந்த ஊருக்கு எதில் போகப் போகிறீர்கள்? ரயிலில்தான் என்றால், அந்த ஒரு வாரத்துக்குள் பேருந்தைத் தவிர்ப்பதும் ஒளிந்திருக்கலாம். மருத்துவரோடு பேசி, முதலில் உள்ளூர்ப் பேருந்தில் இரண்டு நிறுத்தம், பிறகு அரை மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். படபடப்பு ஏறும்போது பாதியில் இறங்காமல், அது தானாகத் தணியும்வரை இருந்து பார்ப்பதுதான் இதில் முக்கியம்; இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். வெளியூரில் இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

செங்காந்தள்:
ஏர்ல் ஷாஃபர் என்ற அமெரிக்கரை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப்போரில் இளமை நண்பனை இழந்துவிட்டுத் திரும்பியவர், 1948இல் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்தே கடந்தார். போரை உடம்பிலிருந்து நடந்து வெளியேற்றவே போனதாகச் சொன்னவர் அவர். ஆனால் 1965இல் எதிர்த்திசையிலும், 79 வயதில் 1998இல் மறுபடியும் அதே பாதையை நடந்தார் என்பதைப் படித்தபோது, ஒரே நடையில் எல்லாம் வெளியேறிவிட்டதா என்ற ஐயம் எனக்கு வந்தது. மலையும் காடும் அவருக்கு உதவியதைவிட, விடிந்தால் நடப்பது, இருட்டினால் படுப்பது என்ற ஒழுங்குதான் உதவியிருக்கும் என்று படுகிறது. அந்த ஒழுங்குக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமியில் போகாதீர்கள், கூட்டமும் ஹாரன் ஓசையும் உங்களுக்கு ஆகாது. சாதாரண நாளில் விடியற்காலையில் நடந்தால் யாரும் உங்களை யாரென்று கேட்கப் போவதில்லை.

மருதாணி:
எல்லோருக்கும் நன்றி. நிழற்குடை அவர்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை, ஏனென்றால் ரயில் நிலையம் இருக்கும் ஊர்களை மட்டுமே நான் பட்டியலிட்டிருந்தேன். மருத்துவரிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். திருவண்ணாமலையில் இரண்டு இரவு, போகும்போது ரயில், திரும்பும்போது செஞ்சி வரையாவது பேருந்து, அங்கே அண்ணன் வந்து நிற்பார் என்று முடிவாகியிருக்கிறது. இந்த மாதம் முழுவதும் தினமும் சந்தை நிறுத்தம் வரை டவுன் பஸ்ஸில் போய்வர வேண்டுமாம். நேற்றுப் போனேன், கம்பியைப் பிடித்த கை வலிக்கிறது.