கபுகிச்சோவில் ராத்திரி: உட்காருமுன் விலை கேளுங்கள்

டோக்கியோ ஷிஞ்சுகு ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் இறங்கி, யாசுகுனி சாலையைக் கடந்ததும் சிவப்பு நியான் வளைவு தெரியும். அங்கிருந்து கபுகிச்சோ, பார்களும் இரவுக் கேளிக்கைக் கடைகளும் நிறைந்த பகுதி. கூட்டம் நிறைந்த இடம்தான், நடப்பதில் பயமில்லை. பணம் பறிபோவது கடைக்குள்தான், அதற்கு வழிகாட்டுகிறவர்கள் தெருவில் நிற்கிறார்கள்.

“3000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்” என்று ஒருவர் கூடவே நடந்து வருவார். ஆள் பிடிப்பது அங்கே சட்டவிரோதம், ஒலிபெருக்கியிலும் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் பின்னால் போனால் பில்லில் இருக்கைக் கட்டணம், சேவைக் கட்டணம், ஐஸுக்குக் காசு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குடித்த பானம் என்று ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் பல்லாயிரம் யென் தலையில் கட்டுவார்கள். நின்று பதில் சொன்னாலே பேரம் தொடங்கிவிடும். முகம் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

*

இதோடு இன்னொன்று. “இலவசத் தகவல் நிலையம்” என்ற பொருளில் பளிச்சென்று பலகை வைத்த சிறு கடைகள் உண்டு. சுற்றுலா அலுவலகம் என்று நினைத்து நுழையாதீர்கள். அவை பெரும்பாலும் வயதுவந்தோருக்கான கடைகளுக்கு ஆள் அனுப்பும் இடங்கள்.

குறுகிய கட்டடங்களில் மாடிக்கு ஒரு பார் இருக்கும். சில இடங்களில் லிஃப்ட் கதவு திறந்தாலே கடைக்குள் நிற்பீர்கள். விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வழியிருக்காது. கீழேயே விலைப்பட்டியல் மாட்டியிருக்கும் கடைக்கு மட்டும் ஏறுங்கள்.

*

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு கோல்டன் காய். ஹனசோனோ கோயிலை ஒட்டி ஆறு சந்துகள், 200க்கும் மேற்பட்ட குட்டி பார்கள். பலவற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேர்தான் உட்கார முடியும். அதனால் இரண்டு பேராகப் போங்கள், நால்வரானால் பிரிந்துகொள்ளுங்கள். எட்டு மணிக்கு முன்னால் பாதிக் கடை திறந்திருக்காது.

இங்கே இருக்கைக் கட்டணம் வாங்குவது ஏமாற்று அல்ல, வழக்கம். ஆளுக்கு 500லிருந்து 1000 யென், சில இடங்களில் அதற்கும் மேல். வாங்காத கடைகளும் உண்டு. கதவைத் திறந்ததும் “சார்ஜி வ இகுரா தெசு கா?” என்று கேளுங்கள். தொகை பிடிக்காவிட்டால் தலையசைத்து விடைபெறலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், கார்டு வாங்காத கடைகள் நிறைய. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இடத்தை அடைக்காதீர்கள், அந்தச் சில இருக்கைகளில்தான் கடைக்காரரின் பிழைப்பு. சந்துகளில் அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது. டிப்ஸ் வேண்டாம்.

*

சைவக்காரர்கள் கவனிக்க: இஸகாயா என்ற ஜப்பானிய மதுக்கடை உணவகத்தில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் உணவு வரும். அதன் பெயர் ஓதோஷி, 300லிருந்து 500 யென் வரை பில்லில் ஏறும். பார்க்கக் காய்கறிபோல இருந்தாலும் மீன் சாறு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த தோஃபு கேட்டால் மேலே உலர்ந்த மீன் சீவல் தூவி வரும், “கட்சுவோபுஷி நஷி” என்று முன்பே சொல்லிவிடுங்கள். உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே (பச்சை சோயா காய்) கவலையில்லாமல் சாப்பிடலாம். இரண்டு மணி நேர நோமிஹொதாய் (ஒரே கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிப்பது) எடுத்தால், முடிய அரை மணி முன்பே கடைசி ஆர்டர் வாங்கிவிடுவார்கள்.

*

பில் தகராறு வந்தால் கார்டைக் கையில் கொடுக்காதீர்கள், ஏடிஎம்முக்கு கூட்டிப்போகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். போலீஸ் எண் 110க்கு அழையுங்கள், அல்லது கடைக்காரரோடு சேர்ந்தே கோபான் என்ற போலீஸ் சாவடிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். ஆனால் போலீஸ் இதைச் சிவில் தகராறாகப் பார்த்து, தொகையைத் தீர்த்துவைக்காமல் விடவும் கூடும். முன்கூட்டியே விலை கேட்கச் சொல்வது இதனால்தான். கோப்பையைக் கண்மறைவில் வைக்காதீர்கள். பானத்தில் மயக்கமருந்து கலந்து கார்டைத் தேய்த்த சம்பவங்களுக்காக அமெரிக்கத் தூதரகமே இப்பகுதியைப் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறது.

*

கடைசி ரயில் நள்ளிரவு 12க்கும் 1க்கும் இடையில், தடத்துக்குத் தடம் மாறும். விட்டால் அதிகாலை நாலரை வாக்கில்தான் அடுத்தது. டாக்ஸிக்கு ராத்திரி 10லிருந்து காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். தூரம் அதிகமென்றால் கரோக்கே அறையில் விடியும்வரை தங்கும் கட்டணம் மலிவாக வரும். இன்டர்நெட் கஃபேயும் உண்டு, அங்கே அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.