செர்ரி இறால் தொட்டியில் நூல்பாசியும் வெள்ளைப் புழுவும்: உதவி தேவை

குட்டித்தொட்டி:
வணக்கம். வீட்டில் அழகுக்கு வளர்க்கும் என் செர்ரி இறால் தொட்டியில் நூல்பாசி பெருகி, ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடியை மூடிவிட்டது. விளக்கை அணைத்த பின் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள் ஊர்கின்றன. இறால் குஞ்சுகளும் குறைந்து வருகின்றன. இரண்டையும் ஒழிக்கும் மருந்து எது என்று தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

கொளத்தூர்க்காரர்:
தொட்டி எத்தனை லிட்டர், விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, ஊற்றுவது மெட்ரோ தண்ணீரா போர் தண்ணீரா என எதையும் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி? புழுவின் தலை முக்கோணமாக இருந்து, அது கண்ணாடியை ஒட்டி வழுக்கிச் சென்றால் பிளனேரியா, குஞ்சுகளைத் தின்னும். மெல்லிய நூல்போல நீரில் நெளிந்தால், அது கழிவைத் தின்னும் சாதாரணப் புழு, அதனை விட்டுவிடலாம்.

வெளிச்சம்:
விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். பாசிக்கு வேறு காரணம் தேடுவது வீண்.

மூத்த வளர்ப்பாளர்:
பலமுறை பேசி முடித்த செய்தியை யாரும் தேடிப் படிப்பதில்லை. தீனியை அள்ளிப் போட்டுவிட்டு விளக்கைப் பழிப்பது புதியவர்களின் வழக்கம். மிஞ்சிய தீனிதான் பாசிக்கு உரம், புழுவுக்கு விருந்து. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: செம்பு கலந்த பாசி மருந்தை ஊற்றினால் பாசியோடு இறாலும் போய்விடும்.

தோப்புக்காரி:
பிளனேரியாவுக்குக் கடைகளில் விற்கும் தூள் சிலவற்றில் பாக்குச் சாறுதானே இருக்கிறது? வீட்டுப் பாக்கையே ஊறவைத்து ஊற்றலாமே.

கொளத்தூர்க்காரர்:
அம்மா, வேண்டாம். கடைப்பாக்கு வேகவைத்ததா, சாயமோ வாசனையோ ஏற்றியதா என்பது தெரியாது. சாற்றின் வீரியத்தை அளக்கவும் நம்மிடம் வழியில்லை.

தோப்புக்காரி:
எங்கள் தோப்புப் பாக்கில் சாயம் ஏது?

மூத்த வளர்ப்பாளர்:
சாயம் இல்லாவிட்டாலும் அளவு தெரியாதே. பாக்குச் சாறானாலும், நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் ஆனாலும், நெரைட் நத்தை இருந்தால் முதலில் அதனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஃபென்பெண்டசோல் மணலில் நெடுநாள் தங்குவதால், மாற்றிய நத்தையை உடனே திருப்பி விடவும் கூடாது. புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் அம்மோனியா ஏறும் என்பதால், பாதித் தண்ணீரையாவது மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

குட்டித்தொட்டி:
20 லிட்டர். விளக்கு காலை முதல் இரவு வரை எரிகிறது. தலை முக்கோணம்தான். நெரைட் நத்தைகளும் இருக்கின்றன. நன்றி.

கொளத்தூர்க்காரர்:
அப்படியானால் மருந்துக்கு முன் பொறி வையுங்கள். இறால் நுழைய முடியாத அளவு சிறு துளையிட்ட குப்பியில் பச்சைக் கோழித் துண்டு ஒன்றை வைத்து, விளக்கணைத்த பின் தொட்டியின் அடியில் இறக்கி, விடிந்ததும் எடுத்தால் புழுக்கள் கறியின்மேல் மொய்த்திருக்கும். பொறி எல்லாப் புழுவையும் பிடித்துவிடாது. ஆனால் எண்ணிக்கை குறைந்த பின் மருந்து போட்டால் அம்மோனியா அபாயம் குறையும். நூல்பாசியைப் பழைய பல்துலக்கியில் சுற்றி இழுங்கள். இடையில் சிக்கிய குஞ்சுகளை உதறிவிட்டே வெளியே எடுங்கள்.

வெளிச்சம்:
காலை முதல் இரவு வரையாம்! நான் முதலிலேயே சொன்னேன்.

மூத்த வளர்ப்பாளர்:
தீனி எவ்வளவு போடுகிறார் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.