1998-ல் ஓய்வுபெற்ற ஹவில்தார்: இப்போது இ.சி.எச்.எஸ்.-ல் சேரலாமா, தனியார் பாலிசி போதுமா?

குடியாத்தத்தான் கேட்கிறார்:

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 1998-ல் பென்ஷனோடு வந்தவர். வயது 69, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு 64, முழங்கால் தேய்மானம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-ல் இதுவரை சேரவில்லை. பென்ஷனோடு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வருகிறது. இப்போது சேர்ந்தால் 30,000 கட்டணும், படியும் நின்றுவிடும் என்கிறார்கள். "மாத்திரைக்குக்கூட வேலூரில் இருக்கும் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் வரை அலையணும், பெரிய ஆஸ்பத்திரியில் கார்டை மதிக்கமாட்டான்" என்று அப்பாவின் கூட்டாளிகள் மனசைக் கலைக்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 5 லட்சத்துக்குத் தனியார் பாலிசி போடச் சொல்கிறார். எது சரி? தங்கைக்கு 28, கல்யாணம் ஆகவில்லை, வேலையும் இல்லை. அவளையும் சேர்க்க முடியுமா?

பாலாற்றங்கரை:

கணக்கை முதலில் பார்த்துவிடலாம் சார். ரெக்ரூட் முதல் ஹவில்தார் வரை 30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஒரே தடவை கட்டுவது, ஆயுளுக்கும் போதும். 1996 ஜனவரி 1-க்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. உங்கள் அப்பா இரண்டு வருடத்தில் தவறவிட்டார். 2003 ஏப்ரலில் திட்டம் தொடங்கிய பிறகு ஓய்வுபெற்றவர்களுக்குச் சேர்வது கட்டாயம். அதற்கு முந்தியவர்களுக்குத்தான் விருப்பம்.

ஆக இழப்பு 30,000 ரூபாயும் வருடத்துக்கு 12,000 படியும். எழுபதைத் தொடும் சர்க்கரைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்து 12,000 பிரீமியத்தில் 5 லட்சம் பாலிசி எந்தக் கம்பெனியும் தராது. தந்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். மூட்டு மாற்று, கண்புரை போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்பு. மூத்தவர்களுக்கான பாலிசிகள் பலவற்றில் பில்லில் 20 சதவீதம் நம் கைக்காசு. இ.சி.எச்.எஸ்.-ல் வயது வரம்பு இல்லை, மெடிக்கல் டெஸ்ட் இல்லை, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே வைத்தியம், மொத்தத் தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கே போட்ட காசு வந்துவிடும்.

தங்கையைச் சேர்க்கலாம். மகனுக்குத்தான் 25 வயதோடு முடிகிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை உண்டு. நீங்கள் வர முடியாது, உங்களுக்குத் தனிப் பாலிசிதான்.

மக்கன்பேடா:

மேலே சொன்னது சரி, ஆனா பாதி. கூட்டாளிங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு. வேலூர்ல இவ்வளவு ஆஸ்பத்திரி இருக்குன்னா அத்தனையும் எம்பானல்ல, அதாவது இ.சி.எச்.எஸ். ஒப்பந்தப் பட்டியல்ல, இருக்குன்னு அர்த்தம் இல்ல. இருக்கிற ஆஸ்பத்திரியிலயும் எல்லாப் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்காது. கண்ணுக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு வேற. அதனால இ.சி.எச்.எஸ்.-ஓட சென்னை ரீஜனல் சென்டர் பட்டியலை எடுத்து, அப்பாவுக்கு இதயம், சிறுநீரகம், அம்மாவுக்கு எலும்பு, இந்த மூணுக்கும் எங்க போவீங்கன்னு பேரோட குறிச்சு வச்சுக்குங்க. அரசாங்கம் பாக்கி வச்சா சில தனியார் ஆஸ்பத்திரி "பெட் இல்ல"ன்னு கையை விரிக்கும். ஒண்ணுக்கு ரெண்டா குறிச்சு வைக்கிறது நல்லது.

ஹவில்தாருக்கு ஜெனரல் வார்டுதான். தனி ரூம் கேட்டா வித்தியாசம் உங்க தலையில. மூட்டு, ஸ்டென்ட் மாதிரி பொருள் விலைக்கு எல்லாம், மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். வச்ச உச்சவரம்பு உண்டு. "இம்போர்ட்டட் போட்டுடலாமா"ன்னு கேட்டா, மேல எவ்வளவு ஆகும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க.

தனியார் பாலிசி வேணவே வேணாம்னு சொல்லமாட்டேன். அப்பாவுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரி பட்டியல்ல இல்ல, பிரீமியமும் கட்ட முடியும்னா அது ரெண்டாவது காப்பு. ஆனா ஏஜென்ட் சூப்பர் டாப்-அப் தள்ளினா ஒதுங்கிடுங்க. அது மொதல் சில லட்சம் தாண்டினாத்தான் வேலை செய்யும். மொத்தத் தொகைக்கு உச்சவரம்பே இல்லாத திட்டத்துக்கு மேல அது எதுக்கு?

கோட்டைஅகழி:

பணத்தைவிடப் பேப்பரில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குகின்றன. பணம் கட்டுவதற்கு முன் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பெயர்: பி.பி.ஓ.வில் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி'. பிறந்த தேதியும் அப்படித்தான். அம்மா பெயர் மாறியிருந்தால் இப்போதே ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவும், ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷிலும் திருத்திவிடுங்கள். அப்பாவுக்குப் பிறகு குடும்ப பென்ஷனுக்கும் இதே தகராறு வரும். தங்கை பெயர் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1997 வாக்கில் பிறந்த குழந்தைக்கு, ஓய்வு அவசரத்தில், பெயரை ரெக்கார்டில் ஏற்றுவதற்கான பார்ட் டூ ஆர்டர் போடாமலே விட்டிருக்கலாம்.

மருத்துவப்படியை நிறுத்தச் சொல்லி, நின்றதற்கு அத்தாட்சி வாங்குங்கள். கார்டும் வாங்கி படியும் வந்துகொண்டிருந்தால் பிற்பாடு மொத்தமாகப் பிடிப்பார்கள். கார்டு ஆளுக்கு ஒன்று. படிவத்தில் சந்தேகம் என்றால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்; கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள்.

குடியாத்தத்தான்:

நன்றி. ராத்திரி நெஞ்சுவலி வந்தால், பாலிகிளினிக் தரும் ரெஃபரல் சீட்டுக்கு எங்கே போவது? மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் 30 கிலோமீட்டருக்கு மேல் வரணுமா? 70 ஆனால் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு கிடைக்கும் என்கிறார்களே?

பாலாற்றங்கரை:

அவசரத்துக்கு ரெஃபரல் வேண்டாம். எம்பானல் ஆஸ்பத்திரி என்றால் கார்டைக் காட்டிச் சேர்க்கலாம், பணம் கேட்கக்கூடாது, தகவல் கொடுப்பதும் அவர்கள் வேலை. எம்பானல் இல்லாத இடம் என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு நீங்கள் தெரிவிக்கணும். அங்கே நீங்கள் கட்டுவீர்கள், திரும்ப வருவது சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான். மூன்று லட்சம் பில்லுக்குப் பாதிகூட வராமல் போகலாம். அவசரம் என்று டாக்டர் எழுதிய சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான அசல் பில், ஸ்டென்ட் உறையில் இருந்த ஸ்டிக்கர், இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒரு நடை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடையிலேயே ரத்தப் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளலாம். ரெஃபரல் சீட்டில் காலாவதித் தேதி இருக்கும், அது தாண்டினால் புதுச் சீட்டு.

ஆயுஷ்மான் 2024 அக்டோபரிலிருந்து 70 ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் உண்டு. ஆனால் இ.சி.எச்.எஸ்.காரர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் வருடம் 5 லட்சம்தான், படுத்து வைத்தியம் பார்த்தால்தான். மாத மாத்திரை வராது.

மக்கன்பேடா:

முதலமைச்சர் காப்பீட்டை யாராச்சும் சொன்னா அதையும் விட்டுடுங்க. வருட வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், அப்பா பென்ஷன் அதைத் தாண்டிடும். அந்த வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ்ல நிக்கிற நேரத்துக்கு ஸ்பர்ஷ் திருத்தத்தை முடிச்சுடலாம்.