பதினெட்டு வந்துவிட்டதா?

காட்பாடியிலிருந்து:

வேலூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் மே மாதம் கணினியின் ஃபிளாப்பித் தட்டு படிக்கவில்லை என்றால் எல்லோரும் வெயில் மேல்தான் பழி போடுவார்கள். நாங்களும் போட்டோம். மூன்று வாரம் விடாமல் போட்டோம். வெயில் நிரபராதி என்று தெரிந்தபோது பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள்தான் மிச்சம்.

1987. மாவட்டம் இன்னும் பிரியாத வட ஆர்க்காடு. எதிர்வீட்டு டாக்டர் மாமா இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியபோது மிக்ஸி, கைக்கடிகாரம் என்று எதையும் வாங்காமல் ஒரு பி.பி.சி. மைக்ரோ கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அத்தைக்கு அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை. ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட இயந்திரம் அது. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சில்லு. பள்ளிகளில் கணினி கற்பிக்க மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் 1984-85 வாக்கில் சுமார் 250 பள்ளிகளுக்குக் கொடுத்ததும் இதே கணினிதான். எங்கள் பள்ளி அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுச் சும்மா இருந்த நான் மாமா வீட்டுக் கூடத்திலேயே குடியேறிவிட்டேன்.

முதல் தகராறு டி.வி.யோடு. கணினி அனுப்பும் படம் யு.ஹெச்.எஃப். அலைவரிசையில் வரும், மாமா வீட்டு டி.வி.க்கு வி.ஹெச்.எஃப். மட்டுமே தெரியும். படம் பார்க்க வாடகைக்கு எடுக்கும் வீடியோ கேசட் டெக்கின் பின்பக்கத் துளையில் வயரைச் செருகி, டெக் வழியாக டி.வி.க்குக் கொண்டுபோனோம். கறுப்பு வெள்ளையில் எழுத்து வந்தது. டெக் வாடகை கட்டி மாளாமல் மாமா சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டார். அத்தையின் வருத்தம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

அந்த ஏப்ரலில் மாமாவின் லண்டன் நண்பர் தபாலில் ஒரு ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி அனுப்பினார். 28 நிரல்கள் கொண்ட தொகுப்பு. (அந்த டிஸ்க் முறையில் ஒரு பக்கத்துக்கு 31 கோப்புக்கு மேல் பட்டியலில் ஏறாது.) நாள்காட்டி, இசை, அகர வரிசை, மஞ்சள் நதிக்கரை ராஜ்யம் ஒன்று. மூன்று கிராமத்து மக்களில் எத்தனை பேரைக் கரை காக்க வைப்பது, எத்தனை பேரை நடவுக்கு அனுப்புவது, எத்தனை பேரைத் திருடர்களை விரட்ட விடுவது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளம் என்பதே புதுமையாக இருந்தது.

ஆனால் வெள்ளம் எங்கே வந்தது? ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பிரேக் விசையைத் தட்டினால் ஃபிளாப்பி படிக்கும் டிரைவ் கரகரக்கும், பட்டியல் அழகாக வரும். எந்த எண்ணை அழுத்தினாலும் "டிஸ்க் ஃபால்ட் 18". ஒவ்வொரு முறையும் 18. அடுக்களையிலிருந்து அத்தை, "என்ன, பதினெட்டு வந்துவிட்டதா?" என்று கேட்பார். ஆடிப்பெருக்கு வந்துவிட்டதா என்று கேட்பது போலவே இருக்கும்.

ஃபிளாப்பி வெயிலில் வளைந்துவிட்டது என்றார் மாமா. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குப் பக்கத்தில் வைத்துக் குளிர்வித்தோம். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கனமான மருத்துவப் புத்தகங்களை மேலே அடுக்கினோம். பதினெட்டுதான்.

பட்டியல் மட்டும் எப்படி வருகிறது என்ற கேள்விதான் பிறகு வழிகாட்டியது. ஃபிளாப்பி 40 தடம் (தகவல் எழுதும் வட்டப் பாதை) உள்ளது. எங்கள் டிரைவோ 80 தடம் படிப்பது. அதன் படிக்கும் தலை ஒரு முறை நகர்ந்தால் பாதித் தூரம்தான் போகும். முதல் தடம் இரண்டுக்கும் ஒரே இடம். அதில் கோப்புப் பெயர்கள் போக 2 கிலோபைட் மிச்சம் இருக்கும்; அந்தச் சிறிய பட்டியல் நிரல் அதற்குள் அடங்கிவிட்டது. அதற்கு அப்பால் தலை எங்கே நின்றாலும் அது தேடும் தட எண் அங்கே எழுதியிருக்காது. தேடிய பகுதி கிடைக்கவில்லை என்பதற்கான எண்தான் 18. டிரைவின் முதுகில் 40, 80 என்று போட்ட சிறிய சுவிட்ச் ஒன்று இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் மூன்று வாரமாக யாரும் பார்க்கவில்லை. தட்டினேன். வெள்ளம் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 28-இல் இருபது ஓடின. இரண்டு மூன்று நிரல்கள் "பேட் மோட்", அதாவது திரைக்கு நினைவகம் போதாது, என்று சொல்லி நின்றன. அவை நிரல்களை டேப் கேசட்டில் சேமித்த காலத்தில் எழுதியவை. டிஸ்க் இணைப்பு இல்லாத கணினியில் நிரல் நினைவகத்தின் 3584-ஆம் இடத்திலிருந்து தொடங்கும். டிஸ்க் இருந்தால் 6400. எட்டு வண்ணத் திரை ஒன்றே 20 கிலோபைட் தின்றுவிடும். மிச்சம் 5888 பைட். நிரலை ஏற்றி, கீழே 3584-க்கு நகர்த்தி, டிஸ்க்கை மறந்து கேசட் முறைக்குப் போகச் சொன்னால் ஓடும். இரண்டு வரி வேலை. இது தெரிந்த விஷயம், விடுங்கள்.

மற்ற ஐந்தாறுதான் உயிரை வாங்கின. ஒரு நாள் ஏறும், மறுநாள் ஏறாது. 18-க்குப் பதில் வேறு எண் வரும். நாங்களே எழுதிய ஃபிளாப்பிகள் மட்டும் பிசகாமல் படிக்கும். நம் வீட்டுச் சரக்கு ஓடுகிறது, வெளிச்சரக்கு ஓடவில்லை என்றால் சுழலும் வேகத்தில் கோளாறு. மூடியைக் கழற்றிப் பார்த்தால், மோட்டாரிலிருந்து பெரிய சக்கரத்துக்கு ஒரு தட்டையான பெல்ட். அது தளர்ந்திருந்தது. சக்கரத்தின் முதுகில் வட்டமாகக் கறுப்புக் கோடுகள். டியூப் லைட் வெளிச்சத்தில் சக்கரம் சுற்றும்போது அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் நிமிடத்துக்குச் சரியாக 300 சுற்று. நகர்ந்தால், பலகையில் உள்ள சிறிய திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாமா டியூப் லைட்டின் கீழே டிரைவைப் பிடித்துக்கொள்ள, நான் திருகைத் திருப்பினேன். கோடுகள் சிலை மாதிரி நின்றன. அப்படியும் ஃபிளாப்பி ஏறவில்லை; முன்பைவிட மோசம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புழுக்கத்தில் தூக்கம் கலைந்து, மாமா வீட்டுத் திண்ணைக் கதவைத் தட்டி மறுபடியும் பார்த்தேன். இரவு அசையாமல் நின்ற கோடுகள் மெதுவாகப் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. திருகை யாரும் தொடவில்லை.

மாமாவின் நண்பர், பாலிடெக்னிக் விரிவுரையாளர், கேட்டதும் சிரித்துவிட்டார். "கோடு சரி, விளக்குதான் தப்பு." டியூப் லைட் மின்சாரத்தின் ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முறை மின்னும். 50 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100. ஆனால் அந்த நாளில் தென்னிந்திய மின்கட்டமைப்பில் தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லை. ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலையில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கும். 48.5 என்று வைத்துக்கொண்டால் கோடுகள் 291 சுற்றிலேயே நின்றுவிடும். மூன்று சதவீதம் குறைவு. டிரைவின் வேகம் ஒன்றரை சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது. ஊரே இழுத்த மின்சாரத்துக்கு நான் டிரைவைச் சுருதி சேர்த்துவிட்டேன்.

அப்படியென்றால் எந்த வெளிச்சத்தை நம்புவது? விடியற்காலை மின்சாரத்தை நம்பலாம் என்றார் விரிவுரையாளர். மாமாவுக்கு வேறொன்று தோன்றியது. கணினியின் படம் வினாடிக்கு 50 முறை வரையப்படுகிறது. அதற்குத் தாளம் போடுவது உள்ளே இருக்கும் படிகம், ஊர் மின்சாரம் இல்லை. கூடத்து ஜன்னலைச் சாத்தினோம். திரையின் மேலே இரண்டு வரி மட்டும் வெள்ளை, மீதி கறுப்பு என்று நான் ஒரு நிரல் எழுதினேன். முழுத் திரையும் வெள்ளையாக இருந்தால் மினுக்கு கலைந்துவிடும், ஆகவே பட்டை மெல்லியதாக இருக்க வேண்டும். அந்த மங்கிய வெளிச்சத்தில் சக்கரத்தைக் காட்டினால் கோடுகள் தடதடவென்று ஓடின. திருகைக் கால் சுற்று திருப்பினேன். வேகம் தணிந்தது. இன்னும் ஒரு மயிரிழை. நின்றன. மாமா ஒன்றும் பேசவில்லை, என் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இனி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம்.

இருபத்தெட்டும் ஓடின. வேறு யாருக்காவது இப்படித் தட்டு நிரபராதியான கதை இருந்தால் எழுதுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:

அண்ணா, எனக்கு இயந்திரமும் நிரபராதி, தட்டும் நிரபராதி. குற்றவாளி நான்தான். சென்னையில் சித்தப்பா வீட்டில் இதே பி.பி.சி. மைக்ரோ. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு நிரலைத் தட்டச்சு செய்து சேமிக்கப் போனால் ஃபிளாப்பியில் தொடர்ச்சியாக இடம் இல்லை என்றது. இடைவெளிகளை ஒதுக்கிச் சேர்க்க "காம்பேக்ட்" என்று ஒரு கட்டளை உண்டு அல்லவா, கொடுத்தேன். வட்டைச் சுத்தம் செய்ய அது நினைவகத்தையே பயன்படுத்திக்கொள்ளும் என்று கையேட்டில் எழுதியிருந்ததை நான் அன்று இரவுதான் படித்தேன். வட்டில் இடம் கிடைத்தது. வைப்பதற்கு நிரல் இல்லை.

ஆம்பூரிலிருந்து:

நான் அடுத்த தலைமுறை. 1997-இல் அப்பா தோல் வியாபாரக் கணக்குக்காக வீட்டில் ஒரு கணினி வாங்கினார். கூடவே சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு சிடி. நூற்றுக்கணக்கான சிறிய மென்பொருள்கள். விளையாட்டுகளுக்குத் தம்பிகள் அடித்துக்கொள்ள, அதில் இருந்த கணக்குப் பதிவேடு ஒன்றை நான் வன்தட்டில் நகலெடுத்தேன். திறந்தது. மாதிரிக் கணக்குகளும் வந்தன. காலை முழுவதும் பதனிடும் கூடத்துப் பாக்கிகளை ஏற்றிவிட்டுச் சேமி என்றால், அனுமதி இல்லை என்றது.

அனுமதி இல்லை! எங்கள் வீட்டில், எங்கள் கணினியில், எங்கள் பாக்கிக்கு. நாலு நாள் இதே கதை. அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வாங்கத் தெரிகிறது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை." அது கணினியைச் சொன்னதா, என்னைச் சொன்னதா, பாக்கிதாரர்களைச் சொன்னதா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மென்பொருள் கெட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்தேன், மூன்று முறை. சிடியில் எழுத முடியாது என்பதால் அதிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் "படிக்க மட்டும்" என்ற முத்திரை இருக்கும். விண்டோஸில் இழுத்து வன்தட்டில் போட்டால் முத்திரையும் கூடவே வந்துவிடும். கோப்பின் மேல் வலது பக்கம் சொடுக்கி, பண்புகளில் அந்தச் சிறு கட்டத்தில் உள்ள குறியை எடுத்தால் போதும். கடைசியில் அதைக் கண்டுபிடித்தது, விளையாட்டில் தன் மதிப்பெண் பட்டியல் நிற்கவில்லையே என்று அழுத எட்டு வயதுத் தம்பி. பாக்கிக்காக நான் பட்ட பாடு அவனை ஒன்றும் செய்யவில்லை. மதிப்பெண் போனது பொறுக்கவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் அச்சகத்தில் தமிழ் எழுத்துருத் தொகுப்பு சிடி ஒன்று. நூறு எழுத்துரு என்று வாங்கினோம். கல்யாணப் பத்திரிகையை ஒன்றில் தட்டச்சு செய்து, அழகாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை பெயரை மட்டும் இன்னொன்றுக்கு மாற்றினால், அவர் யாரோ வேற்று கிரகத்து ஆள் ஆகிவிட்டார். ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் எழுத்துகளைத் தம் இஷ்டப்படி 256 இடங்களில் அடுக்கியிருந்தார். 1999-இல் டாம், டாப் என்ற பொதுவான எழுத்துரு அடுக்குத் தரங்கள் வந்தபிறகும் பழைய சிடிகள் பழைய அடுக்கில்தான் இருந்தன. எது எதோடு ஒத்துப்போகும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கணினிக்கு மேலே தொங்கவிட்டிருந்தோம். ஐயா, உங்கள் பெல்ட் என்ன ஆயிற்று? மாற்றினீர்களா?

காட்பாடியிலிருந்து:

மாற்றிக் கெட்டேன். லாங் பஜாரில் டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பவரிடம் உருண்டைப் பெல்ட் வாங்கிப் போட்டேன். சக்கரத்தில் உட்காராமல் ஏறி இறங்கியது. கோடுகள் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தன. தட்டைப் பெல்ட் சென்னையில்தான் கிடைத்தது, அதுவும் உள்சுற்றளவை நூல் வைத்து அளந்துகொண்டு போனதால். அளக்கும்போது நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள். தளர்ந்த பழைய பெல்ட்டின் அளவில் புதியது வாங்கினால் அதுவும் தளர்ந்தே ஓடும். பழையதைவிட ஐந்து சதவீதம் சிறியதாக வாங்கினேன்.

டிரைவ் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சுவிட்ச் 40-இல்.